தினமும் தண்ணீர் ஊற்றியும் மணி பிளான்ட் மஞ்சளாகிறதே, ஏன்?

#1 புதுத்தளிர்

எல்லாருக்கும் வணக்கம். வீட்டுக்குள் செடி வளர்ப்பது எனக்குப் புதுசு. ஒரு மணி பிளான்ட், ஒரு ஸ்நேக் பிளான்ட், ஒரு பீஸ் லில்லி வாங்கி ஹாலில் டிவிக்குப் பக்கத்து அலமாரியில் வைத்திருக்கிறேன். காலையில் எழுந்ததும் ஆளுக்கு ஒரு டம்ளர் தண்ணீர். ஆனாலும் மணி பிளான்ட்டின் அடி இலைகள் ஒவ்வொன்றாக மஞ்சளாகி உதிர்கின்றன. பீஸ் லில்லி மொத்தமாகத் தொங்கிவிட்டது. தண்ணீர் போதவில்லையோ என்று சாயங்காலமும் கொஞ்சம் ஊற்றிப் பார்த்தேன், நிமிரவில்லை. ஸ்நேக் பிளான்ட் மட்டும் வாங்கிய அன்று இருந்த மாதிரியே நிற்கிறது. வளரவும் இல்லை, வாடவும் இல்லை. போதாக்குறைக்கு, தொட்டியைச் சுற்றிக் குட்டிக் குட்டியாகக் கறுப்பு ஈக்கள்.

சத்துக் குறைவால்தான் மஞ்சளாகிறது, உரம் போடு என்கிறார்கள் அலுவலகத்தில். போடலாமா? எந்தச் செடிக்கு எத்தனை நாளைக்கு ஒருமுறை தண்ணீர் என்று யாராவது ஓர் அட்டவணை கொடுத்தால் பிரிண்ட் எடுத்துச் சுவரில் ஒட்டிவிடுவேன்.

#2 நிழல்வாசி

உரம் வேண்டாம். இப்போதைக்குத் தண்ணீரும் வேண்டாம். அதற்கு முன் சில கேள்விகள். தொட்டியின் அடியில் ஓட்டை இருக்கிறதா? அலமாரியிலிருந்து ஜன்னல் எவ்வளவு தூரம்? ஆள்காட்டி விரலை இரண்டு கணு ஆழம் மண்ணுக்குள் விட்டுப் பாருங்கள், ஈரமா, காய்ந்திருக்கிறதா? மண்ணை முகர்ந்தால் என்ன வாசனை?

#3 மொட்டைமாடி

தினமும் ஊத்தறதுல என்னங்க தப்பு? நான் மாடில நூறு தொட்டிக்கு மேல வச்சிருக்கேன், வெயில் காலத்துல ரெண்டு வேளை ஊத்தறேன். ஒண்ணும் ஆகல. தண்ணி காட்டாம செடி எப்படிங்க வளரும்? எனக்கென்னமோ இது மண்ணுல சத்து இல்லாத கேஸ்தான்னு தோணுது.

#4 நிழல்வாசி

மொட்டைமாடி அண்ணே, உங்கள் மாடியில் வெயிலும் காற்றும் இருக்கின்றன. நீங்கள் காலையில் ஊற்றியதைச் சாயங்காலத்துக்குள் செடி குடித்துவிடும், மிச்சம் ஆவியாகிவிடும். இவர் செடி டிவிக்குப் பக்கத்தில் நிற்கிறது. அங்கே அதே டம்ளர் தண்ணீர் வற்றப் பத்து நாள் கூட ஆகலாம். அதற்குள் ஒன்பது டம்ளர் மேலே சேர்ந்துவிடும். மாடித் தோட்டத்துப் பழக்கத்தை அப்படியே ஹாலுக்குள் கொண்டுவருவதால்தான் பாதிச் செடிகள் போகின்றன. இது என் கட்சி, அடிக்க வருபவர்கள் வரலாம்.

#5 புதுத்தளிர்

பதில்கள்: செடி ஒரு கறுப்பு பிளாஸ்டிக் தொட்டியில் இருக்கிறது, அதில் ஓட்டை உண்டு. ஆனால் அந்தத் தொட்டியை அழகுக்காக ஓட்டையில்லாத பீங்கான் தொட்டிக்குள் இறக்கி வைத்திருக்கிறேன். நீங்கள் கேட்ட பிறகுதான் தூக்கிப் பார்த்தேன், அடியில் இரண்டு விரல் உயரத்துக்குத் தண்ணீர் நிற்கிறது. மணி பிளான்ட், பீஸ் லில்லி இரண்டிலும் அப்படியே. மண் சொதசொதவென்று இருக்கிறது. வாசனை… சாக்கடை மாதிரி. ஜன்னல் ஹாலின் அந்தக் கோடியில், பன்னிரண்டு அடி இருக்கும்.

ஆனால் ஒன்று புரியவில்லை. தண்ணீருக்குள்ளேயே நிற்கும் செடி ஏன் தண்ணீர் இல்லாத மாதிரி தொங்குகிறது?

#6 பச்சையம்

நல்ல கேள்வி. இது பிடிபட்டால் அட்டவணையே தேவைப்படாது என்பதால் கொஞ்சம் நீட்டிச் சொல்கிறேன்.

பகலில் இலைகள் ஆக்சிஜனை வெளியே விடுவது எல்லாருக்கும் தெரியும். வேருக்கு வெளிச்சம் கிடையாது, அதனால் ஒளிச்சேர்க்கையும் கிடையாது. வேர் உயிரோடிருக்கவும் தாது உப்புகளை உள்ளே இழுக்கவும் சக்தி வேண்டும். அந்தச் சக்திக்கு அது நம்மைப் போலவே ஆக்சிஜன் வாங்கிச் சுவாசிக்கிறது. மண் துகள்களுக்கு இடையில் உள்ள சின்னச் சின்ன இடைவெளிகளில் இருக்கும் காற்றிலிருந்துதான் அது கிடைக்க வேண்டும். நீங்கள் நாள் தவறாமல் ஊற்றும்போது அந்த இடைவெளி முழுவதும் நீர் நிறைந்துவிடுகிறது. நீருக்குள் ஆக்சிஜன் பரவுவது காற்றில் பரவுவதைவிடச் சுமார் பத்தாயிரம் மடங்கு மெதுவானது. வேர் மூச்சு முட்டிச் செத்துப்போகிறது. பலவீனமான வேரில் பித்தியம், பைட்டோப்தோரா போன்ற நீர்ப்பூஞ்சை வகைகள் ஏறிக்கொண்டு அழுகலைப் பரப்புகின்றன. உங்களுக்கு வரும் அந்தச் சாக்கடை வாசனை, காற்றில்லாத மண்ணில் வாழும் நுண்ணுயிரிகளின் வேலை.

அழுகிய வேரால் நீரை உறிஞ்ச முடியாது. இலையோ மேலே நீரை ஆவியாக விட்டுக்கொண்டே இருக்கிறது. ஆகவே தொட்டி நிறையத் தண்ணீர் இருந்தும் செடிக்குள் வறட்சி. பார்ப்பவர் வாட்டத்தைக் கண்டு இன்னும் ஊற்றுகிறார். வாடிய செடியைக் கண்டதும் சொம்பைத் தேடாமல் மண்ணைத் தொட்டுப் பார்க்கச் சொல்வது இதனால்தான். காய்ந்த மண்ணில் வாடிய பீஸ் லில்லி தண்ணீர் ஊற்றிய சில மணி நேரத்தில் நிமிர்ந்துவிடும், அது கொஞ்சம் நாடகக்காரி. ஈர மண்ணில் வாடியது நிமிராது.

உரம் பற்றி: வேர் செத்த செடிக்கு உரம் போட்டால் மண்ணில் உப்புதான் ஏறும். மிச்சமிருக்கும் நல்ல வேரையும் அது கருக்கும்.

#7 மொட்டைமாடி

சரி, ஒத்துக்கறேன், பீங்கான் தொட்டிக்குள்ள தண்ணி நிக்கறது தப்புதான். ஆனா அதுக்குச் சுலபமான வழி இருக்கே. தொட்டி அடியில ரெண்டு இஞ்சு கூழாங்கல் போட்டுட்டு மேல மண்ணு போடுங்க. தண்ணி கீழ வடிஞ்சிரும். நாங்க காலம் காலமா அப்படித்தான் பண்றோம்.

#8 வேர்முடிச்சு

இங்கேதான் நான் குறுக்கே வர வேண்டும். கூழாங்கல் வடிகாலைக் கூட்டாது, குறைக்கும். நம்பக் கஷ்டமாக இருக்கும், எனக்கும் இருந்தது.

பாத்திரம் தேய்க்கும் ஸ்பாஞ்ச் ஒன்றை நீரில் முக்கிப் படுக்கை வாட்டில் தூக்கிப் பிடியுங்கள். கொஞ்சம் சொட்டி நின்றுவிடும். பிறகு அதையே செங்குத்தாக நிறுத்துங்கள், மறுபடி சொட்டும். நீர் எல்லாமே இறங்கிவிடுவதில்லை, அடிப்பகுதியில் ஒரு குறிப்பிட்ட உயரம் எப்போதும் நிரம்பியே நிற்கும். தொட்டி மண்ணும் இப்படித்தான். நுண்துளைகளின் ஈர்ப்பு, புவியீர்ப்புக்கு எதிராக நீரைப் பிடித்து வைத்துக்கொள்கிறது. இந்த நிரம்பிய அடுக்கின் உயரத்தைத் தீர்மானிப்பது மண்ணின் தன்மை, தொட்டியின் உயரம் அல்ல.

நுண்ணிய மண்ணிலிருந்து பெரிய இடைவெளியுள்ள கல்லுக்கு நீர் சுலபமாக இறங்காது. மேலே மண் நிரம்பித் ததும்பினால்தான் இறங்கும். ஆக இரண்டு அங்குலம் கல் போட்டால் அந்த ஈர அடுக்கு இரண்டு அங்குலம் மேலே, நேரே வேர் இருக்கும் இடத்துக்கு ஏறுகிறது. கல்லுக்குப் பதில் அந்த இடத்துக்கும் மண்ணையே போடுங்கள். ஓட்டை வழியாக மண் ஒழுகும் என்றால் ஒரு துண்டு வலை அல்லது காபி வடிகட்டும் தாள் போதும்.

வடிகால் வேண்டுமென்றால் மண் கலவையையே மாற்ற வேண்டும். நான் போடுவது பாதி தென்னை நார்க்கழிவு, கால் பங்கு பெர்லைட் (சூட்டில் பொரிய வைத்த, எடையில்லாத வெள்ளைக் கல் துகள்), மீதிக் கால் பங்கில் மண்புழு உரமும் மரப்பட்டைத் துண்டுகளும். ஸ்நேக் பிளான்ட்டுக்கு பெர்லைட்டையோ பருமணலையோ பாதிவரை ஏற்றலாம். தோட்டத்து மண்ணை அப்படியே தொட்டியில் போடுவதை மட்டும் தவிர்த்துவிடுங்கள், தொட்டிக்குள் இறுகிக் கட்டியாகிவிடும்.

#9 மொட்டைமாடி

ஸ்பாஞ்சை வச்சுப் பாத்தேன். நீங்க சொன்னது சரிதான். இருந்தாலும் என் தொட்டிங்க நல்லாத்தான இருக்கு?

#10 வேர்முடிச்சு

இருக்கும். மாடி வெயிலில் அந்த ஈர அடுக்கும் வற்றிவிடும். பெரிய தொட்டியில் வேரும் மேலேயே பரவிக்கொள்ளும். கல் இருந்ததால் நன்றாக இருக்கிறது என்பதைவிட, கல் இருந்தும் நன்றாக இருக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள்.

#11 புதுத்தளிர்

இப்போது நான் என்ன செய்யட்டும்? சனிக்கிழமை முழுக்க வீட்டில்தான்.

#12 நிழல்வாசி

மணி பிளான்ட்டையும் பீஸ் லில்லியையும் தொட்டியிலிருந்து கவிழ்த்து எடுங்கள். தண்டைப் பிடித்து இழுக்காமல், தொட்டியைச் சாய்த்துப் பக்கவாட்டில் அமுக்கினால் மண்கட்டியோடு வந்துவிடும். மண்ணை உதிர்த்துக் குழாய் நீரில் வேரை மெதுவாக அலசுங்கள். வெள்ளையாகவோ வெளிர் நிறத்திலோ, நிமிண்டினால் உறுதியாக இருப்பவை நல்ல வேர். பழுப்பாகக் கொழகொழத்து, இழுத்தால் மேல் உறை கையோடு வந்து உள்ளே நூல் மட்டும் மிஞ்சுகிறதா? அது செத்த வேர், நல்ல பகுதி தொடங்கும் இடம் வரை வெட்டிவிடுங்கள். கத்தரிக்கோலை வெட்டுவதற்கு முன்னும் பின்னும் ஸ்பிரிட் தொட்டுத் துடையுங்கள்.

பழைய மண் குப்பைக்கு. தொட்டியைச் சோப்புப் போட்டுக் கழுவிவிட்டு, மேலே வேர்முடிச்சு சொன்ன கலவையில் நடுங்கள். மிஞ்சிய வேருக்குத் தகுந்த தொட்டியாக இருக்கட்டும். வேர் பாதி போயிருந்தால் சின்னத் தொட்டிக்கு இறங்குங்கள். பெரிய தொட்டியில் கொஞ்சம் வேரை வைத்தால் குடிக்க ஆளில்லாத மண் நாள்கணக்கில் ஈரமாக நிற்கும், பழைய கதை மறுபடி தொடங்கும். நட்டதும் ஒருமுறை தண்ணீர், முழுக்க வடிய விட்டு, அதன்பின் பீங்கான் தொட்டிக்குள் வையுங்கள். இனி ஊற்றும்போதெல்லாம் உள் தொட்டியை வெளியே எடுத்து, சிங்க்கில் வைத்து, அடியில் ஒழுகும்வரை ஊற்றி, சொட்டு நின்றபின் திரும்ப வையுங்கள். பீங்கான் தொட்டியை எறிய வேண்டியதில்லை.

ஸ்நேக் பிளான்ட்டைத் தொட வேண்டாம். அடித்தண்டு கெட்டியாக இருக்கிறதா என்று மட்டும் அமுக்கிப் பாருங்கள்.

#13 புதுத்தளிர்

சரி. ஆனால் அட்டவணை? குறைந்தபட்சம் ஒரு தோராயமாவது? வாரம் ஒருமுறை என்று வைத்துக்கொள்ளலாமா?

#14 பச்சையம்

விட மாட்டீர்கள் போலிருக்கிறது.

செடி எவ்வளவு குடிக்கும் என்பது அதற்குக் கிடைக்கும் வெளிச்சத்தைப் பொறுத்தது. வெளிச்சம் கூடினால் இலைத்துளைகள் திறக்கின்றன, நீர் ஆவியாகிறது, வளர்ச்சி நடக்கிறது. குறைந்தால் எல்லாமே மந்தம். வெளிச்சத்தை நம் கண்ணால் அளக்க முடியாது என்பதுதான் சிக்கல். கண்ணின் பாப்பா விரிந்து சுருங்கி எல்லா அறையையும் ‘நல்ல வெளிச்சம்’ என்றே காட்டும். லக்ஸ் என்ற வெளிச்ச அலகில் சொன்னால், உச்சி வெயில் சுமார் 1,00,000 லக்ஸ். மேகம் மூடிய பகலில் வெளியே 10,000 லக்ஸ் அளவில் இருக்கலாம். வெயில் நேரே விழாத ஜன்னலை ஒட்டி ஒன்றிரண்டாயிரம் தேறும். உங்கள் அலமாரியில், பன்னிரண்டு அடி தள்ளி, நூறு இருநூறு இருந்தால் அதிகம். புத்தகம் வாசிக்க அது போதும், செடி உணவு தயாரிக்கப் போதாது.

செல்பேசியில் லக்ஸ் அளக்கும் செயலி போட்டுப் பாருங்கள். துல்லியம் சுமார்தான், ஆனால் இரண்டு இடங்களை ஒப்பிட உதவும். செயலி வேண்டாமென்றால், பகலில் செடி இருக்கும் இடத்தில் வெள்ளைத்தாள் வைத்து அதற்கு ஓரடி மேலே கையை நீட்டுங்கள். விரல்கள் தெளிவாகத் தெரியும் கருநிழல் என்றால் நல்ல ஒளி. ஓரம் மங்கிய நிழல் என்றால் நடுத்தரம், மணி பிளான்ட், பீஸ் லில்லி இரண்டும் அதில் நன்றாக வளரும். நிழலே விழவில்லை என்றால் அங்கே பிளாஸ்டிக் செடி வையுங்கள், கோபித்துக்கொள்ளாதீர்கள்.

ஆகவே முதல் வேலை, செடிகளை ஜன்னலிலிருந்து மூன்று நான்கு அடிக்குள் கொண்டுபோவது. கிழக்கு ஜன்னல் இருந்தால் தேவலை, காலை வெயில் சுடாது.

பிறகு தண்ணீர். மணி பிளான்ட்டுக்கு மேல் மண் இரண்டு அங்குலம் காய்ந்தபின். பீஸ் லில்லிக்கு மேல் ஓர் அங்குலம் காய்ந்தால் போதும். ஸ்நேக் பிளான்ட்டுக்குத் தொட்டி முழுக்கக் காய்ந்த பின். இது மழைக்காலத்தில் ஒரு கணக்கு, கோடையில் ஒரு கணக்கு, அறையில் ஏசி ஓடினால் வேறு கணக்கு. சுவரில் ஒட்டும் தாள் இதையெல்லாம் அறியாது.

#15 தொட்டில்

விரல் விட்டுப் பார்ப்பதைவிட எனக்குத் தூக்கிப் பார்ப்பதுதான் ஒத்துவருகிறது. தண்ணீர் ஊற்றி வடிந்ததும் ஒருமுறை தூக்கி அந்தக் கனத்தை ஞாபகம் வைத்துக்கொண்டால், அடுத்தமுறை இறகு மாதிரித் தெரியும்போது ஊற்றிவிடலாம். நார்க்கழிவுக் கலவைக்கு இது இன்னும் பொருத்தம், ஏனென்றால் அதன் மேற்பரப்பு காய்ந்து உள்ளே ஈரமாக இருந்து ஏமாற்றும். முழுக்கக் காய்ந்துபோனால் அதே நார் நீரைத் தள்ளவும் செய்யும். ஊற்றிய தண்ணீர் ஓரமாக வழிந்து உடனே ஓட்டையில் வந்தால் மண் நனையவே இல்லை என்று அர்த்தம். அப்போது தொட்டியை ஒரு வாளி நீரில் பாதி உயரத்துக்கு அரைமணி நேரம் நிறுத்தினால் கீழிருந்து குடித்துக்கொள்ளும்.

மண்தொட்டி பிளாஸ்டிக்கைவிடச் சீக்கிரம் காயும், சுவர் வழியாகவும் நீர் ஆவியாகும். கை கொஞ்சம் தாராளமாக இருப்பவர்களுக்கு மண்தொட்டியே நல்லது.

#16 வானம்பாடி77

நடுவில் நுழைவதற்கு மன்னிக்கவும். ஸ்நேக் பிளான்ட்டை ஏன் ஹாலில் வைத்திருக்கிறீர்கள்? அது இரவில் ஆக்சிஜன் விடும் செடி. படுக்கையறையில் வைத்தால் நல்ல தூக்கம் வரும். காற்றில் உள்ள நச்சையும் எடுக்கும் என்று நாசாவே சொல்லியிருக்கிறது. மற்ற செடிகளை மட்டும் படுக்கையறையில் வைக்காதீர்கள், ராத்திரியில் கரியமில வாயு விடும்.

#17 பச்சையம்

வாட்ஸப்பில் சுற்றும் செய்தியில் பாதி உண்மை இருக்கும்போதுதான் மறுப்பது கஷ்டம்.

ஸ்நேக் பிளான்ட் வறண்ட நிலத்து வாழ்க்கைக்கு ஏற்ற செடி, மேற்கு ஆப்பிரிக்கா அதன் பூர்வீகம். பகலில் இலைத்துளையைத் திறந்தால் நீர் போய்விடும் என்பதால் இரவில் திறந்து கரியமில வாயுவை வாங்கி, மாலிக் அமிலமாக இலைக்குள் சேமித்து வைக்கும். இதுதான் உண்மையான பாதி. ஆனால் ஆக்சிஜன் உண்டாவது நீர் மூலக்கூறு ஒளியால் பிளக்கப்படும்போது. இருட்டில் அது நடக்காது. எனவே இரவில் அது வாங்குவது கரியமில வாயு, கொடுப்பது ஆக்சிஜன் அல்ல. அந்த வாங்கலும் ஒரு தொட்டி அளவில் அறைக்கு ஒரு பொருட்டே இல்லை. மற்ற செடிகள் இரவில் விடும் கரியமில வாயுவும் அப்படித்தான். பக்கத்தில் படுத்திருப்பவர் விடுவதில் அது ஒரு துளி கூட இல்லை, அவரை வெளியே அனுப்பவா போகிறீர்கள்?

நாசா ஆய்வு 1989இல் வந்தது, வோல்வர்ட்டன் குழுவினர் செய்தது. காற்றுப் புகாமல் மூடிய சிறு கூடுகளுக்குள் செடியை வைத்து பென்சீன், பார்மால்டிஹைடு போன்றவை குறைவதை அளந்தார்கள். அது உண்மை. வீடு மூடிய கூடு அல்ல, கதவிடுக்கிலும் ஜன்னலிலும் காற்று மாறிக்கொண்டே இருக்கும். 2019இல் டிரெக்செல் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த கம்மிங்ஸ், வேரிங் இருவரும் அதுவரை வந்த இத்தகைய ஆய்வுகளைச் சேர்த்துக் கணக்கிட்டார்கள். சாதாரணமாக நடக்கும் காற்றுமாற்றத்துக்கு ஈடாகச் செடிகள் சுத்தம் செய்ய வேண்டுமானால் ஒரு சதுர மீட்டருக்கு 10 முதல் 1,000 செடிகள் வேண்டும் என்று வந்தது. ஜன்னலைத் திறப்பது எளிது.

#18 வானம்பாடி77

கணக்கு எல்லாம் சரி. செடி இருந்தால் எனக்கு நிம்மதியாக இருக்கிறது, அதற்கு எந்த ஆய்வும் வேண்டாம்.

#19 பச்சையம்

அதில் எனக்கு மறுப்பே இல்லை. நிம்மதிக்காக வையுங்கள், காற்றுச் சுத்திகரிப்புக்காக வாங்காதீர்கள்.

#20 நெறியாளர்

காற்று, ஆக்சிஜன் விவாதத்தைத் தொடர விரும்புவோர் தனி இழை தொடங்கவும். ஈ பற்றிப் புதுத்தளிர் முதல் பதிவிலேயே சொன்னார், இதுவரை ஒருவரும் பதில் சொல்லவில்லை.

#21 தொட்டில்

அவை பூஞ்சை ஈக்கள். பழத்தைச் சுற்றும் ஈ வேறு, இது வேறு. ஈர மண்ணின் மேல்தட்டில் முட்டையிடும். புழுக்கள் பூஞ்சையையும் மக்கியதையும் தின்னும், கூட்டம் பெருத்தால் இளவேரையும் கடிக்கும். பறப்பவற்றை அடித்துப் பயனில்லை, வளர்ந்த ஈ ஒரு வாரம்தான் இருக்கும், அதற்குள் முட்டையிட்டுவிடும். மேல்மண் இரண்டு அங்குலம் நன்றாகக் காயவிட்டால் புழு வாழ இடமில்லை. நீங்கள் மண்ணையே மாற்றுவதால் பெரும்பாலும் அதோடு போய்விடும். மிச்சத்துக்கு மஞ்சள் ஒட்டு அட்டை ஒன்றைத் தொட்டியில் செருகுங்கள். அப்படியும் தொல்லை என்றால் பிடிஐ என்று சுருக்கமாகச் சொல்லும் பாக்டீரியா மருந்து இருக்கிறது, கொசுப்புழுவுக்குப் போடுவது. தண்ணீரில் கலந்து ஊற்றலாம். முட்டையிலிருந்து ஈயாக மூன்று நான்கு வாரம் ஆகும் என்பதால் ஒரு தடவையோடு நிறுத்தாமல் வாரம் ஒருமுறை என்று அந்தச் சுற்று முடியும்வரை ஊற்ற வேண்டும்.

இலையின் கணுவில் பஞ்சு மாதிரி வெள்ளையாகத் தெரிந்தால் அது மாவுப்பூச்சி. 70 சதவீத ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலில் பஞ்சை நனைத்துத் தொட்டு எடுக்கலாம். புதிதாக வாங்கும் செடியை இரண்டு வாரமாவது மற்றவற்றோடு சேர்க்காமல் வையுங்கள், பூச்சி பெரும்பாலும் அப்படித்தான் வீட்டுக்குள் வரும்.

#22 பூனைவீடு

பீஸ் லில்லி என்று பார்த்ததும் பயந்துவிட்டேன். வீட்டில் பூனை இருக்கிறது. லில்லி பூனைக்கு விஷம் என்கிறார்களே?

#23 பச்சையம்

பேரில்தான் லில்லி. உண்மையான லில்லிகளும் டே லில்லிகளும் பூனையின் சிறுநீரகத்தையே செயலிழக்கச் செய்யும். மகரந்தத்தை நக்கினாலே ஆபத்து, பூனை இருக்கும் வீட்டில் அவை வரவே கூடாது. பீஸ் லில்லி சேம்பு குடும்பம். மணி பிளான்ட், மான்ஸ்டெரா, பிலோடென்ட்ரான், டிஃபன்பாக்கியா எல்லாம் அதே குடும்பம். இவற்றின் திசுக்களில் ஊசி மாதிரியான கால்சியம் ஆக்சலேட் படிகங்கள் உண்டு. கடித்தால் வாய் எரியும், எச்சில் வடியும், வாந்தி வரலாம். பொதுவாக உயிருக்கு ஆபத்தில்லை, இருந்தாலும் கடித்தது தெரிந்தால் கால்நடை மருத்துவரிடம் கேட்டுவிடுங்கள். தவழும் குழந்தை இருக்கும் வீட்டிலும் இவற்றைக் கை எட்டாத உயரத்தில் வைப்பது நல்லது. ஸ்நேக் பிளான்ட்டில் சபோனின் இருக்கிறது, அதுவும் வயிற்றைக் கலக்கும். கவலையில்லாமல் வைக்க வேண்டுமென்றால் ஸ்பைடர் பிளான்ட், கலாத்தியா, பாஸ்டன் பெரணி.

#24 புதுத்தளிர்

பிரித்துப் பார்த்தாயிற்று. பீஸ் லில்லியில் மூன்றில் ஒரு பங்கு வேர் வெள்ளையாக மிஞ்சியிருந்தது, சின்னத் தொட்டிக்கு மாற்றிவிட்டேன். மணி பிளான்ட்டில் கிட்டத்தட்ட எதுவுமே இல்லை. நூல் நூலாக வந்தது. ஆனால் கொடியின் மேல்பாதி இன்னும் பச்சையாக இருக்கிறது, தூக்கிப் போட மனசு வரவில்லை.

#25 நிழல்வாசி

போடாதீர்கள். மணி பிளான்ட்டுக்கு வேர் போனால் கொடி இருக்கிறது. இலைக்காம்பு தண்டில் சேரும் இடத்தில் பழுப்பு நிறத்தில் சின்ன முண்டு தெரியும், அதுதான் கணுவில் வரும் காற்றுவேர். அதற்கு ஓர் அங்குலம் கீழே வெட்டி, கணு நீருக்குள்ளும் இலை வெளியிலும் இருக்கும்படி ஒரு கண்ணாடி டம்ளரில் வையுங்கள். ஒரு துண்டுக்கு ஒன்றிரண்டு இலை போதும். கணு இல்லாத வெறும் இலை நீரில் பச்சையாக நிற்கும், ஒருபோதும் கொடியாகாது. வெட்டிய இடம் பழுப்பாகவோ மென்மையாகவோ இருந்தால் வெள்ளைப் பச்சை வரும்வரை இன்னும் மேலே போங்கள். வாரம் ஒருமுறை நீரை மாற்றினால் போதும். வேர் இரண்டு அங்குலம் நீண்டதும் மண்ணுக்கு மாற்றுங்கள். ரொம்ப நாள் நீரிலேயே விட்டால் அந்த வேர் நீருக்கே பழகிவிடும், மண்ணில் வைத்ததும் கொஞ்சம் திணறும். நாலைந்து துண்டை ஒரே தொட்டியில் நட்டால் புதராக வரும்.

#26 மொட்டைமாடி

ஸ்நேக் பிளான்ட்டையும் இப்படி இலையை வெட்டி வைக்கலாம்ங்க, நான் பண்ணியிருக்கேன். ஆனா மஞ்சள் ஓரம் வச்ச ரகத்துல இலைய வெட்டி வச்சா வர்ற குட்டி வெறும் பச்சையா வருது. ஏன்னு இன்னிக்கு வரைக்கும் புரியல.

#27 வேர்முடிச்சு

மஞ்சள் ஓரம் உள்ள செடி இரண்டு வகைச் செல் அடுக்குகள் சேர்ந்து வாழும் கலவை. பச்சையம் இல்லாத அடுக்கு ஓரத்தில் இருக்கிறது. இலைத்துண்டில் குட்டி பச்சைச் செல்லிலிருந்து முளைப்பதால் மஞ்சள் தொலைந்துபோகும். ஓரம் வேண்டுமென்றால் இலையை வெட்டாமல் கிழங்கைப் பிரித்து நடுங்கள். இங்கே ஏதோ ஒரு கேள்விக்காவது அண்ணன் கூழாங்கல்லைக் கொண்டுவரவில்லை, சந்தோஷம்.

#28 மொட்டைமாடி

ஹஹஹா. கல்லை எல்லாம் எடுத்துட்டு இருக்கேன், நம்புங்க.

#29 புதுத்தளிர்

இலைகளின் மேல் தினமும் தண்ணீர் தெளிக்கச் சொல்லி ஒரு வீடியோவில் பார்த்தேன். ஈரப்பதம் கூடுமாம். வேண்டுமா? உரத்தை எப்போது ஆரம்பிக்கலாம்?

#30 தொட்டில்

தெளிப்பதால் கூடும் ஈரப்பதம் அந்த நீர் காயும்வரைதான், அதாவது சில நிமிடம். காற்றோட்டம் இல்லாத மூலையில் இலை நனைந்தே இருந்தால் புள்ளி நோய் வரும். அதற்குப் பதில் ஈரத்துணியால் இலையைத் துடையுங்கள். தூசு படிந்த இலைக்கு வெளிச்சம் குறைவாகவே போய்ச்சேரும். துடைக்கும்போது இலையின் அடியையும் பார்ப்பீர்கள், சிலந்திப்பேன் அங்கேதான் ஒளிந்திருக்கும். நாலு செடியைக் கூட்டமாக வைத்தாலும் ஈரப்பதம் கொஞ்சம் கூடும்.

உரம் புதுத் துளிர் வந்தபிறகு. பாக்கெட்டில் போட்டிருக்கும் அளவில் பாதியைக் கலக்குங்கள், மண் ஈரமாக இருக்கும்போது மட்டும் ஊற்றுங்கள். உங்கள் கலவையில் மண்புழு உரம் இருப்பதால் அவசரமே இல்லை. மண்ணின் மேல் வெள்ளையாக உப்புப் பூத்தால் உரத்தை நிறுத்திவிட்டு, நிறையத் தண்ணீர் ஊற்றி அடியில் ஓடவிட்டு அலசுங்கள்.

#31 பூனைவீடு

ஸ்பைடர் பிளான்ட் வாங்கிவிட்டேன். பூனை அதைக் கடிக்கிறது, அது போகட்டும். ஆனால் இலை நுனியெல்லாம் பழுப்பாகக் காய்கிறது. மண் சொதசொதப்பு இல்லை, ஜன்னல் பக்கம்தான் இருக்கிறது. குளோரின் என்று நினைத்துக் குழாய்த் தண்ணீரை ஒருநாள் திறந்து வைத்துத்தான் ஊற்றுகிறேன். அப்படியும் நிற்கவில்லை.

#32 பச்சையம்

திறந்து வைத்தால் குளோரின் போகும். சில ஊர்களில் குளோரினுக்குப் பதில் கலக்கும் குளோரமின் போகாது, ஃபுளோரைடும் போகாது. ஸ்பைடர் பிளான்ட்டும் டிராசினா வகைகளும் ஃபுளோரைடு பட்டால் நுனி கருகும் செடிகள். அது இலையில் நீரோடு ஏறி நுனியில் போய்த் தங்கிச் சேர்ந்துகொண்டே இருக்கும். மழைத்தண்ணீர் பிடித்து வைத்து ஊற்றலாம், ஆர்ஓ வடிகட்டியில் சுத்தமாகி வரும் நீரும் ஆகும், கழிவாக வெளியேறுவது அல்ல, அதில் உப்பு இன்னும் கூடுதல். ஏசியிலிருந்து சொட்டும் நீரில் உப்பு கிட்டத்தட்ட இல்லை, அழகுச் செடிக்கு ஊற்றலாம். உரம் அதிகமானாலும், மண் அடிக்கடி எலும்பாகக் காய்ந்தாலும் இதே மாதிரி நுனி கருகும், அதையும் பார்த்துக்கொள்ளுங்கள். ஏற்கெனவே பழுப்பான நுனி திரும்பப் பச்சையாகாது. கத்தரிக்கோலால் இலையின் வடிவத்துக்குச் சாய்வாக வெட்டலாம், பச்சைப் பகுதியைத் தொடாமல் பழுப்பில் ஒரு நூலிழை விட்டு வெட்டுங்கள். நீரை மாற்றியபின் வரும் புது இலைகளை வைத்துத்தான் பலித்ததா என்று சொல்ல முடியும்.

#33 பூனைவீடு

ஏசி தண்ணீருக்கு வாளி வைத்துவிட்டேன். பூனை அதையும் குடிக்கப் பார்க்கிறது, மூடி ஒன்று தேட வேண்டும்.